இலையின் இடது பக்கம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்து என்றால் ஊருக்குக் கடிதம் போடுவதோடு சரி. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவள் மூளையைப் பற்றியும் பார்வையைப் பற்றியும் எழுத உட்கார்ந்தால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும். எங்கள் உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் அப்பளம் வந்தவுடன் யாராவது ஒருவர் என் வீட்டுக்காரரின் கதையை ஆரம்பித்துவிடுகிறார். ஒருவர் அவர் அன்றைக்குக் குடித்திருந்தார் என்கிறார். குடி வாசனையே தெரியாத மனுஷன். இன்னொருவர், சம்பந்தி மேல் கோபம், வேண்டுமென்றே செய்தார் என்கிறார். ஒரு சித்தி, பசி தாங்க மாட்டார் பாவம், என்று பரிந்து பேசுகிறாள். அந்தப் பரிவுதான் எனக்கு எல்லாவற்றையும் விட எரிச்சல். நடந்ததை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் அடுத்த பந்தியில் இதைக் கையில் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிடலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. எங்கள் வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் போகிற வழியில். இவர் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்களுக்கு ஒரே பெண். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த வருஷம், ஆடி மாதம் ஒரு காலையில், இவர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே இருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வரும்போது கால் வந்துவிட்டது. கையும் பாதி வந்துவிட்டது. பேச்சு குழறவில்லை. பழைய விஷயம் எதுவும் மறக்கவில்லை. ஸ்டோரில் எந்த அலமாரியில் எந்த நட்டு இருக்கிறது என்று படுத்துக்கொண்டே சொல்வார். கோபமும் முன்னால் இருந்த அளவுக்கே இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிற மாதிரி பேசிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு சாப்பாட்டில் ஆரம்பித்தது. எவர்சில்வர் தட்டில் நடுவில் சோறு, ஒரு பக்கம் பொரியல், இன்னொரு பக்கம் கூட்டு என்று வைப்பேன். இவர் சாப்பிட்டு முடித்த தட்டைப் பார்த்தால், நடுவில் கோடு கிழித்த மாதிரி வலது பாதி காலியாக இருக்கும். இடது பாதி வைத்தது வைத்தபடி. சரி, வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தால், சோறு போதவில்லை என்பார். பொரியல் பண்ணவில்லையா என்பார்.

தட்டில் இருக்கிறதே என்பேன். எங்கே என்பார். உங்கள் கண் முன்னால்தான் என்பேன். குனிந்து தட்டையே பார்ப்பார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, படுத்துக் கிடந்தவனிடம் விளையாடுகிறாயா என்று கேட்பார்.

இது ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. தினமும், இரண்டு வேளையும். வியாதியில் விழுந்து எழுந்தவரைத் திட்டவும் முடியாது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன், அவ்வளவுதான். சம்பாதிக்கிற ஆம்பளை சும்மா உட்கார்ந்தால் இப்படித்தான் வீம்பு வரும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றார் என் அண்ணன். கண்ணாடி மாற்றினோம். கண் டாக்டர் சுவரில் எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னார். கடைசி வரியில் இருந்த பொடி எழுத்தைக்கூடப் படித்தார், ஒவ்வொரு வரியிலும் பின்பாதியை மட்டும். அவசரக்காரர் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் அனுப்பிவிட்டார்.

முகம் சவரம் செய்தால் வலது கன்னம் பளபள என்று இருக்கும். இடது கன்னத்தில் தாடி. பேப்பர் படித்தால் இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒழுங்காகத் தமிழ் எழுதத் தெரியவில்லை, வாக்கியம் நடுவில் ஆரம்பிக்கிறது என்று திட்டுவார். செருப்பில் ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றை யாரோ திருடிவிட்டதாகச் சொல்வார். அது அவருடைய இடது காலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். சானடோரியம் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று போவார். ஸ்டேஷனில் இருந்து வரும்போது எங்கள் தெரு இடது கைப் பக்கம். அதைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் போய்விடுவார். அங்கே இருந்து திரும்பினால் தெரு வலது பக்கம் வந்துவிடும், நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து, பஞ்சாயத்தில் தெருவை மாற்றிவிட்டார்களா என்று என்னைக் கேட்பார். 

இதற்கு நடுவில் கார்த்திகையில் இரும்புலியூரில் இருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். பையனின் பெரியப்பா பெரிய மனுஷர், அவர் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். அவர் வந்து பெஞ்சில் இவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இவர் பதில் சொல்லவில்லை, திரும்பவும் இல்லை. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா மறுபடியும் கேட்டார். இவர் வலது பக்கம் திரும்பி, அங்கே உட்கார்ந்திருந்த என் அண்ணனிடம், தேவலை மச்சான் என்றார். பெரியப்பா காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். பெண்ணைப் பெற்றவனுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று தெரு முனையில் நின்று சொன்னாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் இவரிடம் கேட்டேன். பெரியவர் கேட்டதற்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று. எந்தப் பெரியவர் என்றார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே. உன் அண்ணன்தானே உட்கார்ந்திருந்தான் என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். வழக்கம்போல வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, கத்தரிக்காய் எங்கே என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கையில் எடுத்தேன். பிறகு, பசியோடு இருக்கிறாரே என்று திரும்பவும் கீழே வைத்தேன். வைக்கும்போது தட்டு திரும்பிவிட்டது. இடது பக்கம் இருந்த கத்தரிக்காய் வலது பக்கம் வந்துவிட்டது.

இவர் முகம் மலர்ந்தது. "கேட்டாத்தான் வைப்பியா?" என்றார். சாப்பிட ஆரம்பித்தார். மிச்சம் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனோம். கிறிஸ்தவர், என் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. நான் தட்டைப் பற்றிச் சொன்னதும் அந்தம்மா சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் கொடுத்து, இதைக் கடிகாரமாக்குங்கள் சார் என்றார். இவர் பன்னிரண்டு எண்களையும் எழுதினார். எல்லா எண்ணும் வட்டத்தின் வலது பாதியில், ஒன்றன் மேல் ஒன்று இடித்துக்கொண்டு. இடது பாதி வெறும் வெள்ளை. சரியாக இருக்கிறதா சார் என்று கேட்டார் அந்தம்மா. "வட்டம் சின்னதா போட்டுட்டீங்க, எடம் பத்தல," என்றார் இவர்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். கண் கெடவில்லை, கண் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது என்றார். தபால்காரர் கொண்டுவந்து போடுகிறார், வீட்டுக்குள் எடுத்துப் படிக்க ஆள் இல்லை, அந்த மாதிரி. மூளையின் வலது பக்கத்தில் ஓர் இடம் அடிபட்டுவிட்டது. இடது பக்கத்து உலகத்தைக் கவனிப்பது அந்த இடத்தின் வேலை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண் திறந்திருந்தால் தெரியாமல் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"உங்க வீட்டுல ரயில் சத்தம் கேக்குமாம்மா?"

கேட்காது என்றேன். சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். மின்சார ரயில் நாள் முழுக்க ஓடுகிறது. ஊரில் இருந்து யார் வந்தாலும் முதல் நாள் அந்தச் சத்தத்தைத்தான் சொல்வார்கள்.

"காதுக்கு வருது. மூளை வேண்டாம்னு தள்ளிடுது. கழுத்துல தாலி இருக்கே, இப்ப நான் சொல்றதுக்கு முன்னாடி அது அங்க இருக்கறது தெரிஞ்சுதா?"

சொன்னவுடன் கயிறு கழுத்தில் உறுத்தியது. அதுவரைக்கும் இல்லை. அந்தம்மா இன்னொன்றும் சொன்னார். அதுதான் எனக்குப் புரிந்தது. "உங்க முதுகுக்குப் பின்னாடி என்ன தெரியுது? இருட்டா இருக்கா? இல்ல. ஒண்ணுமே இல்ல. ஏதோ குறையுதுன்னுகூட உங்களுக்குத் தோணல. அவருக்கு இடது பக்கம் அப்படி. அதனாலதான் தனக்கு ஒண்ணும் இல்லைன்னு சாதிக்கிறார். சண்டை போடாதீங்க, பிரயோஜனம் இல்ல."

தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி ஞாபகப்படுத்த வேண்டும், முக்கியமான சாமானை வலது பக்கம் வைக்க வேண்டும், நாளாக ஆகக் கொஞ்சம் சரியாகலாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் இவர், அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, வயசான ஆளைக் கூப்பிட்டுப் படம் போடச் சொல்கிறார் என்று பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். காரணம் தெரிந்துவிட்டால் எரிச்சல் போய்விடும் என்று சொல்கிறார்கள். போகவில்லை. முன்னால் இவர் மேல் எரிச்சலாக இருந்தது, அதற்குப் பிறகு யார் மேல் என்று தெரியாமல் எரிச்சலாக இருந்தது.

தை மாதம் மேடவாக்கத்தில் இருந்து அடுத்த வரன் வந்தது. அப்போது மேடவாக்கம் என்றால் வயலும் கிணறும்தான். பையனின் அப்பாவுக்கு நிலம் இருந்தது; பையன் படித்து, பரங்கிமலையில் ஓர் ஆபீசில் வேலையில் இருந்தான். பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பிடித்துவிட்டது. என் பெண் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா. பேச்சு எல்லாம் வெளியிலேயே, என் அண்ணன் மூலமாகவே முடிந்தது. மிச்சம் இருந்தது கை நனைப்பதுதான்.

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். சம்பந்தம் முடிவாகும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். ஒரு நாள் குறித்துக்கொண்டு வந்து பெண்ணின் அப்பாவோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து இலையில் கை நனைத்து, மோர் வரைக்கும் சாப்பிட்டு எழுந்தால் சம்மதம். பாதியில் எழுந்தால், அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

சொல்லிவிடலாம் என்றாள் என் பெண். அப்பாவுக்கு இப்படி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று. என் அண்ணன் குதித்தார். வாதம் என்றால் பரம்பரையாக வருமா என்று கேட்பான், மூளை என்று சொன்னால் பைத்தியம் என்று எடுத்துக்கொள்வான், கல்யாணம் ஆகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. அதில் அவருக்கு ஏகப் பெருமை. இவரை மாப்ளே என்றும் என்னைப் பாப்பா என்றும்தான் அவர் கூப்பிடுவார்.

"இரும்புலியூர்க்காரன் எங்க ஒக்காந்தான்? இடது பக்கம். அதானே கெட்டுது? சம்பந்திய வலது பக்கம் ஒக்கார வெச்சுட்டா மாப்ளே மாதிரி பேச ஆள் கெடையாது. இடது பக்கம் நான் காவலுக்கு ஒக்காந்துக்கறேன். நீ சும்மா பயப்படாத பாப்பா."

நான் கவலைப்பட்டது பேச்சுக்கு இல்லை, இலைக்கு. தட்டு என்றால் திருப்பி வைக்கலாம். இலையைத் திருப்ப முடியாது. நுனி இடது பக்கம் இருக்க வேண்டும். நுனியை வலது பக்கம் மாற்றிப் போடுவது எங்கள் வீடுகளில் கருமாதிக்குத்தான். உப்பு, ஊறுகாய், அப்பளம், வடை எல்லாம் இலையின் இடது பக்கம். இவருக்கு அது எதுவும் தெரியாது. இதை அண்ணனிடம் சொன்னேன். ஒரு வேளை அப்பளம் சாப்பிடாவிட்டால் மாப்ளே செத்தா போய்விடுவார் என்றார். சமையலுக்கு வந்தவரிடம், இவருக்கு மட்டும் எல்லாவற்றையும் வலது பக்கம் வைத்துவிடுங்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், உப்பை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாத குடும்பத்துக்கு வந்துவிட்டோமே என்பது தெரிந்தது.  இவரிடமே சொன்னேன், இலைக்கு வந்து உட்கார்ந்ததும் தலையை நன்றாகத் திருப்பி இடது பக்கம் பாருங்கள் என்று. நான் எப்போதும் எல்லாப் பக்கமும்தான் பார்க்கிறேன் என்றார்.

அந்த நாள் வந்தது. கூடத்தில் சுவரை ஒட்டிப் பாய் விரித்து, இலை போட்டாயிற்று. இடது கோடியில் என் அண்ணன், அடுத்து இவர், இவருக்கு வலது பக்கம் சம்பந்தி, அவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தியின் தம்பியும் மற்றவர்களும். பையன் வரவில்லை, அது வழக்கம் இல்லை. அண்ணன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இவர் சம்பந்தியோடு ஏரித் தண்ணீர், நெல், ரயில், எல்லாம் கலகலவென்று பேசினார். சம்பந்திக்கு இவரைப் பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது. நான் சமையலறை வாசலில் நெய்க் கிண்ணத்தோடு நின்றேன். என் பின்னால் என் பெண்.

பரிமாறிக்கொண்டே வந்தார்கள். உப்பு வைத்தார்கள், ஊறுகாய் வைத்தார்கள், வடை வைத்தார்கள். பொரியல், கூட்டு, சோறு, பருப்பு. பிறகு அப்பளம். இவருடைய அப்பளம் இவருடைய இலையில் இடது பக்கம், பெரிதாக, வட்டமாக உட்கார்ந்திருந்தது.

இவர் இலையைப் பார்த்தார். "இங்க அப்பளம் வரல," என்றார். பரிமாறியவர், வைத்துவிட்டேனே சார் என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். என் அண்ணன் காவலுக்கு உட்கார்ந்தவர், குனிந்து சோற்றில் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் வாசலில் இருந்தே தலையை ஆட்டி ஆட்டி இடது பக்கம் காட்டினேன். இவர் கண் தேட ஆரம்பித்தது. சோற்றில் இருந்து பொரியலுக்குப் போயிற்று. பொரியலில் இருந்து கூட்டுக்கு. கூட்டில் இருந்து இலையின் ஓரத்துக்கு. ஓரத்தைத் தாண்டியும் போயிற்று. அங்கே, வலது பக்கத்து இலையின் இடது ஓரத்தில், சம்பந்தியின் அப்பளம் இருந்தது.

இவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த மலர்ச்சி எனக்குத் தெரியும். நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் கை போய்விட்டது. அப்பளம் நொறுங்கிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

சம்பந்தியின் கை சோற்றிலேயே நின்றது. இவர் நிதானமாக மென்றார். பிறகு சம்பந்தியின் வடையை எடுத்தார். பிறகு சம்பந்தியின் உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் கூட்டில் போட்டுக்கொண்டார். சம்பந்தியை வலது பக்கம் உட்கார வைக்காமல் இருந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. எதைத் தவிர்க்க அவரை அங்கே உட்கார வைத்தோமோ, அதனாலேயே வந்தது.

"இன்னா சார் இது?" என்றார் சம்பந்தி.

இவர் அவர் பக்கம் திரும்பி உபசாரமாகச் சொன்னார். "நல்லா பொரிச்சிருக்காங்க. நீங்களும் சாப்பிடுங்க."

என் அண்ணன் அப்போதுதான் தலையைத் தூக்கினார். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சும்மா இருந்திருக்கலாம். சிரித்துக்கொண்டே, "ஒரே எலையில சாப்பிடற உறவாயிடுச்சின்னு காட்றாரு மாப்ளே," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சம்பந்தியின் தம்பி கையை உதறினார். "எச்சக் கை வெச்ச எலையில எங்க அண்ணன் துன்னணுமா? மரியாதை கத்துக்குடுக்க வந்தோமா, பொண்ணு கேட்டு வந்தோமா?"

சம்பந்தி இடது கையை முழங்காலில் ஊன்றினார். எழுந்திருக்கப் போகிறார்.

என் பின்னால் என் பெண் மெதுவாக, "போங்கம்மா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆண்கள் சாப்பிடுகிற பந்திக்குள் நான் அதுவரை போனதில்லை. நெய்க் கிண்ணத்தைக்கூடக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே போய் அவர்கள் இலைக்கு எதிரில் நின்றேன். குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"எழுந்திருக்காதீங்கண்ணா. அவருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இல்ல. கண்ணு நல்லா இருக்கு. போன ஆடியில வாதம் அடிச்சதுல மூளையில அந்தப் பக்கம் போயிடுச்சி. அவர் அப்பளம் அவர் எலையிலயே இருக்கு, பாருங்க. அது அவருக்குத் தெரியாது. உங்க எலை வலது பக்கம் இருக்கு. அதைத் தன் எலைன்னு நெனச்சுட்டாரு."

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் இவர். "இவ ஒரு டாக்டரம்மா பேச்சைக் கேட்டுகிட்டு அலையறா."

சம்பந்தி இவருடைய இலையைப் பார்த்தார். அப்பளம், வடை, உப்பு எல்லாம் தொடாமல் இருந்தன. என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. என் அண்ணன் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். இலையைத் திருப்பிக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். கை நனைக்கிற அன்றைக்குக் கருமாதி இலை போடவும் முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில், கிண்ணத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, இவர் தோளைப் பிடித்துத் தள்ளினேன். இலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆளைத்தான் இடது பக்கமாக நகர்த்தினேன். ஐம்பது வயது மனுஷரைப் பந்தியில் வைத்துப் பெண்டாட்டி தள்ளுகிறாள். இவர் பாயில் நகர்ந்து அண்ணன் மடியில் பாதி ஏறிவிட்டார். இப்போது இலை முழுக்க இவருக்கு வலது பக்கம்.

இவர் குனிந்து பார்த்தார். உப்பு, ஊறுகாய், வடை, அப்பளம்.

"இப்ப வைக்கிற," என்றார் என்னிடம். "சம்பந்தி முன்னால மானம் போனாத்தான் வைப்பியா?"

யாரும் எதையும் வைக்கவில்லை என்பதைச் சம்பந்தி தன் கண்ணால் பார்த்தார். முழங்காலில் ஊன்றிய கை அப்படியே இருந்தது.  பிறகு எழுந்தார்.  ஆனால் வாசலுக்குப் போகவில்லை. சத்தம் இல்லாமல் சுற்றிக்கொண்டு வந்து என் அண்ணன் தோளைத் தட்டி, எழுந்திருக்கச் சைகை காட்டினார். அண்ணன் எழுந்த இடத்தில், இவருடைய இடது பக்கத்தில், உட்கார்ந்தார்.

இவர் வடையைச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து வலது பக்கம் பார்த்தார். அங்கே ஆள் இல்லை. முகம் வாடிவிட்டது. "சம்பந்தி எங்க? எழுந்து போயிட்டாரா? என்ன கோவம் அவருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"இங்கதான் கீறேன் சார்," என்றார் சம்பந்தி, ஒரு சாண் தூரத்தில் இருந்து.

இவர் இன்னும் அதிகமாக வலது பக்கம் திரும்பினார். ஆள் இல்லாத இலையைப் பார்த்தார், சம்பந்தியின் தம்பியைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். "கொரல் கேக்குது. ஆள் எங்க?"

தம்பிதான் முதலில் சிரித்தார். மரியாதை பற்றிப் பேசிய அதே தம்பி. சம்பந்தி சிரிக்கவில்லை. என் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? தோ பார், அந்தம்மாவுக்குச் சொல்லத் தெரியுது. பேசி முடிக்க வந்த உனக்குத் தெரியல. நான் இன்னா பூச்சாண்டியா?"

அண்ணன் நெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தி தம்பியிடம், "நீ துன்னு," என்றார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "எனக்கு இங்க வேற எலை போடு. எல்லாம் மொதல்லேர்ந்து வரட்டும். அப்பளம் ரெண்டா வை. ஒண்ணு இவரு பங்கு."

மோர் வரைக்கும் சாப்பிட்டார். நடுவில் இரண்டு தடவை இவர் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி ஏதோ சொன்னார். தொட்டுத் திருப்பினால் இவருக்குத் தெரிந்தது. ஓ, இங்கே இருக்கிறீர்களா என்று இரண்டு தடவையும் புதிதாக ஆச்சரியப்பட்டார். நான் வாசலுக்குத் திரும்பிவிட்டேன்.  சம்பந்தி எப்படி இலையை மடிக்கப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். உறவு வேண்டும் என்றால் தன் பக்கமாக மடிப்பார்கள். அவர் தன் பக்கமாகத்தான் மடித்தார்.

அதற்குள் பழையபடி இலைக்கு நேராக நகர்ந்துவிட்டிருந்த இவரும் மடித்தார். வலது பாதி மட்டும் மடிந்தது. இடது பாதி விரிந்தே கிடந்தது. என் பெண் வந்து குனிந்து அதையும் மடித்துவிட்டுப் போனாள். அவர்கள் கிளம்பும்போது என் அண்ணன் என்னிடம் வந்து, எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்தது பார்த்தாயா என்றார். 

மறுநாள் மேடவாக்கத்தில் இருந்து ஓர் ஆள் வந்தார். வைகாசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். மத்தியானம் இவருக்குத் தட்டில் சோறு போட்டேன். வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, பொரியல் வைக்கவில்லை என்றார். தட்டைத் திருப்பி வைத்தேன்.